கலைக் கண்காட்சிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்லூரி நுண்கலைக் கண்காட்சிக் குழுவினருக்கு,

வணக்கம். நடந்தது உங்களுக்குத் தெரியும். கேம் கலையே இல்லை, அதனால் எங்கள் வீடியோ கேமைச் சேர்க்க முடியாது, வேண்டுமானால் அதிலிருந்து ஒரு படத்தை ஏ3 தாளில் அச்செடுத்துத் தாருங்கள் என்றீர்கள். தந்தோம். மாட்டினீர்கள். 'டிஜிட்டல் ஓவியம்' பிரிவில் ஆறுதல் பரிசும் கொடுத்தீர்கள். நன்றி.

தாளில் இருப்பது ரேஷன் கடையில் நிற்கும் ஒரு பாட்டி, அவ்வளவுதான். கணினியிலோ ஆடுபவர்தான் பாட்டி. வரிசை நகரும்வரை எந்த பட்டனும் வேலை செய்யாது. முறை வந்ததும் கைரேகைக் கருவியில் விரல் வைக்க வேண்டும். பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த ரேகையைக் கருவி ஏற்காது. மறுபடி அழுத்த வேண்டும். மறுபடியும். "துடைச்சிட்டு வைங்க பாட்டி" என்பார் கடைக்காரர். பின்னால் முணுமுணுப்பு எழும். அப்போது ஆடுபவருக்கு ஏறுகிற எரிச்சலும் கூச்சமும்தான் எங்கள் படைப்பு. அதை எந்த ஆணியில் மாட்டினீர்கள்?

நாங்கள் கேட்டது ஒரு மேசை, ஒரு கணினி, பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட்.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் 14 கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. வடிவமைப்புப் பிரிவில்தானே என்பீர்கள். ஆமாம், நாற்காலிகளும் அந்தப் பிரிவில்தான் இருக்கின்றன, நாற்காலியாகவே இருக்கின்றன. அந்தப் பதினான்கில் ஒன்று, ஜேசன் ரோரர் 2007இல் செய்த 'பாசேஜ்'. ஐந்தே நிமிடம். துணையைச் சேர்த்துக்கொண்டால் இருவராகக் குறுகிய வழிகளில் நுழைய முடியாது. ஒரு வசனம் கிடையாது. அந்த விதியே இல்லறத்தைச் சொல்லிவிடுகிறது. டொரொன்டோவில் உருவான 'வெண்பா' என்ற கேமில் அழிந்துபோன சமையல் குறிப்பை ஊகித்து ஊகித்துத்தான் இட்லி வேகவைக்க வேண்டும். 2024இல் அதற்கு பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. இவற்றையும் அச்செடுக்கச் சொல்வீர்களோ?

"ரம்மி ஆடிக் குடும்பமே அழியுது, நீங்க கேம் கேம்ங்கிறீங்க" என்றார் உங்களில் ஒருவர். பணம் கட்டி ஆடுவது சூது; அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. எங்கள் பாட்டிக்கு அரிசியே கிடைக்கவில்லை, கட்டப் பணம் ஏது? ரம்மி விளம்பரத்தில் சிரித்த நடிகரைக் கலைவிழாவுக்குச் சிறப்பு விருந்தினராக அழைத்து மாலை போட்டபோது இந்தக் கவலை எங்கே போயிருந்தது?

மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவல்ல. எங்கள் கேம் மட்டமானது என்றால் ஆடிப் பார்த்துச் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறோம். கலையே இல்லை என்று ஆடாமல் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. அடுத்த கண்காட்சியில் ஒரு மேசையும் பிளக் பாயின்ட்டும் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். கணினியை நாங்களே கொண்டுவந்து விடுகிறோம்.

இப்படிக்கு,
மூன்றாமாண்டு கணினி அறிவியல் மாணவர்கள்