சிவப்பு பாஸ்போர்ட் இருந்தா மட்டும் போதாதுங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு சுற்றுலாப் பக்கத்துல மத்திய ஆசியா பத்தி வந்த கட்டுரை படிச்சேன், படமெல்லாம் அருமை, ஆனா "சிங்கப்பூர் பாஸ்போர்ட் இருந்தா அந்தப் பக்கம் விசா கவலையே இல்லை"ன்னு ஒரு வரி போட்டிருந்தீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்தக் கடிதம். உஸ்பெகிஸ்தானுக்கு அது சரி, 2018லேர்ந்து நமக்கு 30 நாள் விசா வேணாம். கஜகஸ்தானும் அப்படித்தான். பக்கத்துலயே இருக்கற துர்க்மெனிஸ்தான் கதை வேற.

எங்க வீட்டுல நானும் மகளும் சிங்கப்பூரோட சிவப்பு பாஸ்போர்ட், மனைவி பிஆர், அதாவது நிரந்தரவாசி, இன்னும் இந்திய பாஸ்போர்ட்தான். அவங்களுக்குத்தான் துர்க்மெனிஸ்தான்ல இருக்கற தர்வாசா நெருப்புக் குழியைப் பாக்கணும்னு ஆசை. காரகும் பாலைவனத்து நடுவுல கிட்டத்தட்ட 70 மீட்டர் அகலத்துக்குப் பள்ளம், உள்ளேருந்து கேஸ் வந்து வருஷக்கணக்கா எரியுது. 2022ல அந்த நாட்டு அதிபரே இதை அணைக்க வழி பாருங்கன்னு சொல்லிட்டாரு, தீ இப்பவே குறைஞ்சிட்டு வருதுன்னு எங்கயோ படிச்சதுலேர்ந்து இவங்க "அணையறதுக்குள்ள போயிடணும்"னு ஒத்தைக்கால்ல நின்னாங்க.

சரின்னு இங்க ஒரு டிராவல் ஏஜென்சிக்குப் போனோம். நாங்க போனப்போ இருந்த முறை இதுதான்: நாமளா நேரா விசா கேக்க முடியாது, அந்த நாட்டுத் தலைநகர் அஷ்காபாத்ல இருக்கற ஒரு டூர் கம்பெனி நமக்காக அவங்க குடிநுழைவுத் துறைகிட்ட விண்ணப்பிச்சு அழைப்புக் கடிதம் வாங்கணும், அது வந்தாத்தான் விசா, போனாலும் கைடு இல்லாம சுத்த முடியாது. அந்த நாட்டைக் கடந்து போறவங்களுக்கு டிரான்சிட் விசான்னு ஒண்ணு உண்டு, கைடு வேணாம், ஆனா சில நாள்தான் தருவாங்க, வழியும் மாத்தக்கூடாது. இதுல எதையும் சரியா சொல்லாம அந்த ஏஜென்சிக்காரர் "டிக்கெட் மலிவா இருக்கு, முதல்ல போட்டுடுங்க, கடிதம் தானா வரும்"னாரு. நானும் தலையாட்டிட்டேன்.

அப்புறம் ஃபாரம். நமக்கு பாஸ்போர்ட்டைத் தூக்கிட்டுக் கிளம்பியே பழக்கம், படிவம் நிரப்பத் தெரியாது. என் போட்டோ ரெண்டு தடவை திரும்பி வந்துச்சு, முதல்ல பின்னணி வெள்ளையா இல்லைன்னு, அடுத்து கண்ணாடியில வெளிச்சம் அடிக்குதுன்னு. மூணாவது தடவை தேக்காவுல ஸ்டூடியோக்காரரே கண்ணாடியைக் கழட்டி என் பாக்கெட்ல வச்சிட்டாரு. மனைவி மட்டும் அலமாரியிலேருந்து ஒரு ஃபைலை எடுத்தாங்க, சம்பள ஸ்லிப், ஆபீஸ் லெட்டர், பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் தேதி வாரியா, போட்டோவே 8 காப்பி. "எங்க பாஸ்போர்ட்டுக்கு இதெல்லாம் பழகிப்போச்சு"ன்னாங்க. மக ஃபாரத்துல வேலைங்கற இடத்துல 'ரைட்டர்'னு போட்டுட்டா, ஷாம்பு விளம்பரத்துக்கு வரி எழுதற பொண்ணு, பத்திரிகைக்காரியோன்னு அங்கேருந்து கேள்வி மேல கேள்வி, அவ கம்பெனி லெட்டர் அனுப்பினப்புறம்தான் அடங்கினாங்க.

மூணு வாரம் கழிச்சு ரெண்டு பேருக்குக் கடிதம் வந்துச்சு, எனக்கு இல்லை. காரணமும் சொல்லலை. உலகத்து பாஸ்போர்ட்டையெல்லாம் வரிசைப்படுத்தற ஹென்லி பட்டியல்ல முதல் இடம் வாங்கின பாஸ்போர்ட்டுங்க இது! மனைவி வாய் திறந்து ஒண்ணும் சொல்லலை, ஆனா அன்னிக்கு ராத்திரி தோசை சுடும்போது தனியா சிரிச்சிட்டிருந்தாங்க.

திரும்ப விண்ணப்பிச்சு ரெண்டாவது தடவை கிடைச்சுது, அதுக்குள்ள டிக்கெட் தேதி போயிடுச்சு. இஸ்தான்புல் வழியா போய் அஷ்காபாத்ல இறங்கி, கவுண்டர்ல கடிதத்தைக் காட்டி டாலர்ல பணம் கட்டினா விசா ஒட்டித் தராங்க, நோட்டு மட்டும் மடிப்பு இல்லாம புதுசா இருக்கணும், என்னோட ஒரு நோட்டை வாங்க மாட்டேன்னுட்டாங்க. குழியைப் பத்தி நான் எழுதப் போறதில்லை, ராத்திரி அந்த விளிம்புல நின்னு மனைவி முகத்தைப் பாத்தேன், காசு போனது மறந்துபோச்சு.

ஆனா உங்க வாசகர்களுக்குக் காசு போக வேணாம். அடுத்த தடவை அந்தப் பக்கம் பத்தி எழுதும்போது அழைப்புக் கடிதம் கைக்கு வந்தப்புறம் டிக்கெட் போடுங்கன்னு ஒரு வரி சேருங்க, நம்ம வீடுகள்ல ரெண்டு நிற பாஸ்போர்ட் இருக்கறது சாதாரணம், அதனால இந்திய பாஸ்போர்ட்டுக்கு என்ன விதின்னும் போடுங்க. உஸ்பெகிஸ்தானுக்கு அவங்களுக்கு இ-விசா வேணும், கஜகஸ்தானுக்கு 14 நாள் வரைக்கும் வேணாம். டிக்கெட் மாத்தின கட்டணத்துல பாதியாவது தாங்கன்னு ஏஜென்சிக்கு நான் அனுப்பின ஈமெயிலுக்கு இன்னும் பதில் இல்லை.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர் ஒருவர்