உறை போட்டு மூடிய கருவிகள்: மாநிலப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும், பதிவாளர்களுக்கும், நிதி அலுவலர்களுக்கும், கொள்முதல் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் பொதுக் கருவிக் கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மாணவர்கள் கொண்டுவரும் சாம்பிள்களை ஓட்டிக் கொடுப்பது, கருவிகளைப் பராமரிப்பது, சர்வீஸ் இன்ஜினியரை வரவழைப்பது, ஸ்டாக் ரெஜிஸ்டர் எழுதுவது, ஆடிட் வந்தால் எல்லாவற்றையும் எண்ணிக் காட்டுவது என்று என் நாள் போகும். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். ஒரு கருவியை வாங்கும் அன்றே, அதை ஓட்டுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் ஆகும் பணத்தையும் சேர்த்து ஒதுக்கி வையுங்கள். அந்தப் பணத்தை வேறு எதற்கும் எடுக்காதீர்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்பதற்கு, எங்கள் கூடத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு மாணவி நிலவேம்பை வெவ்வேறு மண்ணில் வளர்த்து, அதன் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு எந்த மண்ணில் எவ்வளவு சேர்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். இலையை நிழலில் உலர்த்தி, பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, சாற்றில் உள்ள வேதிப்பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் ஏற்றினால் அளவு தெரிந்துவிடும். அந்தக் கருவியின் டிடெக்டருக்குள் கைவிரல் நீளத்தில் ஒரு டியூட்டீரியம் விளக்கு இருக்கிறது. புற ஊதா ஒளியைத் தருவது அதுதான். அதன் ஆயுள் சுமார் 2,000 மணி நேரம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் 250 வேலைநாள். எங்கள் விளக்கு அதையும் தாண்டி உழைத்தது. ஒரு ஜூலை மாதத்தில், திரையில் நேராக ஓட வேண்டிய பேஸ்லைன் கோடு நடுங்க ஆரம்பித்தது. இரண்டு வாரத்தில் விளக்கு பற்றவே இல்லை.

கருவியின் விலை 22 லட்சம். விளக்கின் விலை 60 ஆயிரத்துக்குள். விளக்கு வாங்கித் தரக் கேட்டு அன்றே இண்டென்ட் போட்டேன். கருவி வாங்கிய திட்டம் முடிந்து, பணம் செலவானதைக் காட்டும் யூசி சான்றிதழும் கொடுத்தாயிற்று, அந்தத் தலைப்பில் இனிச் செலவு செய்ய முடியாது என்று கோப்பு திரும்பி வந்தது. துறை நிதியில் கேட்டபோது, இது பொதுக் கருவி, பல்கலைக்கழகம்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். பல்கலைக்கழகத்தில் மூன்று கோட்டேஷன் கேட்டார்கள். அந்த மாடலுக்கு உரிய விளக்கைத் தயாரிப்பாளர் ஒருவர்தான் தருகிறார், மூன்றுக்கு எங்கே போவது? ஒரே விற்பனையாளர்தான் என்பதற்குப் புரொப்ரைட்டரி சான்றிதழ் வாங்கி வைத்தேன். அதன் வார்த்தைகள் சரியில்லை என்று தணிக்கைப் பிரிவு திருப்பியது. திருத்தி அனுப்புவதற்குள் மார்ச் 31 வந்துவிட்டது. புது நிதியாண்டில் எல்லாம் முதலிலிருந்து. விளக்கு கைக்கு வந்தது அடுத்த செப்டம்பரில். பதினான்கு மாதம் ஆகிவிட்டது.

விளக்கை மாட்டினோம். பம்ப் ஒழுகியது. இத்தனை மாதம் ஓடாமல் கிடந்ததில் உள்ளே மிச்சமிருந்த பஃபர் கரைசலின் உப்பு படிகமாகி, சீல் கெட்டிருந்தது. அதற்கு இன்னொரு இண்டென்ட்.

அந்த மாணவி காத்திருக்கவில்லை. சாம்பிள்களைத் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பேக்கோடு அடுக்கி, இரவு பஸ் ஏறி வேறு ஊர்க் கருவிக் கூடத்துக்குக் கொண்டுபோனார். ஒரு சாம்பிளுக்கு இவ்வளவு என்று அங்கே கட்டணம். நான்கு முறை போனார். நான்கு முறையும் கைக்காசு. அதற்குள் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டதால், ஆய்வேட்டை ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டேதான் எழுதி முடித்தார். நல்ல ஆய்வு அது. இன்னும் நல்லதாக வந்திருக்கும். மண் வகைகளை ஆறிலிருந்து மூன்றாகக் குறைத்துக்கொள்ள வேண்டி வந்தது என்று வைவாவில் அவர் சொன்னபோது நான் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்த வார்த்தை இன்னும் எனக்கு உறுத்துகிறது.

இதில் யாரும் தவறு செய்யவில்லை என்பதுதான் எனக்கு வேதனை. கோப்பைத் திருப்பிய ஒவ்வொருவரிடமும் ஒரு விதி இருந்தது. ஆனால் வாங்கிய பிறகு கருவி எப்படி ஓடும் என்று கேட்கும் விதி ஒன்றுகூட யாரிடமும் இல்லை. யானை வாங்கியவர் அங்குசம் வாங்க யோசிப்பதை ஊரில் பழமொழியாகச் சொல்வார்கள். நம் கூடங்களில் அது அன்றாட நடைமுறையாகிவிட்டது.

உயர்கருவிகளை விடுங்கள், சாதாரண பொருள்களுக்கும் இதே நிலைதான். பிஎச் மீட்டரின் எலக்ட்ரோடு காய்ந்தால் கெட்டுவிடும். அதைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைத்திருக்க வேண்டும். கரைசல் தீர்ந்ததும் மாணவர்கள் வாலைவடிநீரில் வைப்பார்கள், அது இன்னும் சீக்கிரம் கெடும். அப்புறம் மைக்ரோபிப்பெட். 1,000 மைக்ரோலிட்டர் தண்ணீரை எடுத்துத் தராசில் விட்டால் ஏறக்குறைய 1 கிராம் காட்ட வேண்டும். 0.94 காட்டும் பிப்பெட்டுகளை வைத்து முனைவர் பட்டத்துக்கான அளவீடுகள் எடுக்கப்படுவதைப் பார்த்திருக்கிறேன். பிப்பெட்டை அளவு சரிபார்க்க அனுப்பும் செலவை எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியாததால் யாரும் அனுப்புவதில்லை.

மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் ஒன்று எங்களிடம் உண்டு. பல ஆண்டுகளாகச் சேர்த்த நுண்ணுயிர்கள், இரத்த சீரம், ஆர்என்ஏ எல்லாம் அதில்தான். உள்ளே குளிரவைக்கும் கருவி வெளியே வெப்பத்தைத் தள்ளும், அதனால் அந்த அறைக்கு ஏசி வேண்டும். வாங்கியபோது ஃப்ரீசருக்கு மட்டும் அனுமதி கிடைத்தது, ஏசிக்குக் கிடைக்கவில்லை. ஒரு மே மாத வெள்ளிக்கிழமை இரவில் கம்ப்ரஸர் நின்றது. திங்கள் காலை நான் கதவைத் திறந்தபோது பெட்டிகளுக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. இரண்டு பேராசிரியர்கள், ஏழு மாணவர்கள், அவர்களுடைய சேகரிப்பு முழுவதும் போயிற்று. புது கம்ப்ரஸர் வாங்கிவிடலாம். கிராமம் கிராமமாகப் போய் எடுத்து வந்த சாம்பிளை எங்கே வாங்குவது?

எல்1 என்ற கொள்முதல் விதி பற்றியும் சொல்ல வேண்டும். குறைந்த விலை கேட்டவருக்கே ஆர்டர் என்ற விதி பொதுப் பணத்தைக் காக்க வந்தது, அதன் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் விலையை எதுவரை கூட்டிப் பார்க்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு கருவிகள். ஒன்று 20 லட்சம், இன்னொன்று 23 லட்சம். முதலாவதற்கு ஓராண்டு வாரண்டி. அப்புறம் ஆண்டுதோறும் விரிவான பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு 2 லட்சம் கேட்கிறார்கள். இரண்டாவதற்கு மூன்றாண்டு வாரண்டி, பிறகு 1 லட்சம். ஏழு ஆண்டு முடிவில் முதலாவது 32 லட்சம், இரண்டாவது 27 லட்சம். நம் ஒப்பீட்டுத் தாளில் முதல் நாள் விலை மட்டும் இருப்பதால் முதலாவது ஜெயிக்கிறது. பராமரிப்பு ஒப்பந்தத்தின் விலையை ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே பேசி எழுதி வாங்குங்கள். ஆர்டர் போன பிறகு பேசினால் நம் கையில் பேரம் பேச ஒன்றும் இருக்காது.

செலவு கூடிக்கொண்டுதான் போகிறது, அது எனக்கும் தெரியும். பொது நிதியில் நடக்கும் ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு 5 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி சலுகை 2022 ஜூலையில் நீக்கப்பட்டு 18 சதவீதத்துக்குப் போனது. 50 லட்ச ரூபாய் கருவிக்கு வரி மட்டும் இரண்டரை லட்சத்திலிருந்து 9 லட்சம். மானியத் தொகை அதே அளவில் இருக்க, வரி ஏறினால் முதலில் வெட்டப்படுவது பராமரிப்பும் ஸ்பேரும்தான்.

ஆனால் கேட்டால் நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் ஆய்வக வேதிப்பொருள்கள் மீதான சுங்க வரியை 10 சதவீதத்திலிருந்து 150 ஆக்கினார்கள். நாடு முழுவதும் விஞ்ஞானிகள் குரல் எழுப்பினார்கள். இரண்டு வாரத்துக்குள், ஆய்வகப் பயன்பாட்டுக்கு என்று உறுதி கொடுப்பவர்களுக்கு மீண்டும் 10 சதவீதம் என்று மாற்றினார்கள். 2025 ஜூனில் ஒன்றிய நிதி அமைச்சகம் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான கொள்முதல் விதிகளைத் தளர்த்தியது. கோட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சமானது. கொள்முதல் குழு வழியாக வாங்கும் வரம்பு 10 லட்சத்திலிருந்து 25 லட்சமானது. ஆராய்ச்சிக்கு உரிய சிறப்புக் கருவிகளையும் பொருள்களையும், அரசின் இணையக் கொள்முதல் தளமான ஜெம்முக்கு வெளியே வாங்கும் முடிவை நிறுவனத் தலைவர்களே எடுக்கலாம் என்றும் ஆனது.

நாம் மாநிலச் சட்டத்தின் கீழ் இருக்கிறோம். 1998 ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் நமக்குப் பொருந்துகிறது. அதை மீறச் சொல்லவில்லை. ஆராய்ச்சிக்கான ஸ்பேருக்கும் வேதிப்பொருளுக்கும் இதேபோல ஒரு தளர்வு வேண்டும் என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து உயர்கல்வித் துறைக்கு எழுதினால், அதன் எடையே வேறு. நான் எழுதினால் அது ஒரு தனி ஆளின் குறை. பதினைந்து துணைவேந்தர்கள் ஒரே தாளில் கையெழுத்திட்டால் அது கொள்கை.

சட்டம் மாறும் வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் இருக்கிறது. கருவிக் கூடத்தில் சாம்பிள் ஓட்டுவதற்கு நாங்கள் கட்டணம் வாங்குகிறோம். வெளிக் கல்லூரி மாணவர்கள், சிறு மருந்து நிறுவனங்கள், சித்த மருந்து தயாரிப்பவர்கள் என்று பலர் கட்டுகிறார்கள். அந்தப் பணம் பல்கலைக்கழகப் பொதுக் கணக்கில் போய்ச் சேர்கிறது. திரும்பி வருவதில்லை. கருவி சம்பாதித்த பணத்தில் பாதியையாவது அந்தக் கருவியின் பெயரிலேயே ஒரு தனிக் கணக்கில் வையுங்கள். 60 ஆயிரம் ரூபாய் விளக்கு வாங்கக் கருவிக் கூடப் பொறுப்பாளரும் துறைத் தலைவரும் கையெழுத்திட்டால் போதும் என்று ஆக்குங்கள். பல்கலைக்கழக ஆட்சிக் குழுவான சிண்டிகேட்டில் ஒரு தீர்மானம் போட்டாலே முடிகிற வேலை.

பொது நிதியில் வாங்கிய கருவிகளை யாரும் பயன்படுத்தலாம் என்பதற்காக 2020 ஜனவரியில் ஐ-ஸ்டெம் தளம் தொடங்கப்பட்டது. நல்ல ஏற்பாடு. நம் கருவிகளையும் அதில் பதிய வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தபோது நான்தான் பட்டியல் தயாரித்தேன். ‘இயங்கும் நிலையில்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கதையை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். 1952-இல் துணைவேந்தராக இருந்த ஏ. இலட்சுமணசாமி முதலியார் இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்க சி. வி. ராமனை அழைத்தார். ராமன் தம் மாணவர் ஜி. என். ராமச்சந்திரனைக் கைகாட்டினார். முப்பது வயது இளைஞர் அவர். கிண்டி வளாகத்தில் எக்ஸ்-கதிர் ஆய்வகம் அமைந்தது. அக்கம்பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்ததால், தோலில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் மாதிரிகளுக்கும் வழி இருந்தது. இரண்டே ஆண்டில், 1954-இல், ராமச்சந்திரனும் கோபிநாத் கர்தாவும் கொலாஜனின் மூவிழை அமைப்பை வெளியிட்டார்கள். 1963-இல் வந்த ராமச்சந்திரன் வரைபடத்தைத்தான் இன்றும் உலகம் முழுக்கப் புரத அமைப்புகளைச் சரிபார்க்கப் பயன்படுத்துகிறார்கள். ராமச்சந்திரனின் மேதைமையைப் பேசும்போது, ஆளைத் தேடிக் கூட்டிவந்து ஆய்வகத்துக்கு இடம் கொடுத்த அந்தத் துணைவேந்தரையும் நான் நினைத்துக்கொள்வேன். உங்கள் நாற்காலிக்கு அந்த வலிமை இருக்கிறது.

கடைசியாக, ஆட்கள். எங்கள் கூடத்தில் நான்கு தொழில்நுட்பப் பணியிடங்கள் உண்டு. மூன்று காலி. நான் ஓய்வு பெற இன்னும் நான்கு ஆண்டுதான். எந்தக் கருவி எந்தச் சத்தம் போட்டால் என்ன கோளாறு என்பதை எழுதிவைத்துச் சொல்லிக்கொடுக்க முடியாது, பக்கத்தில் நின்று கேட்டுப் பழக வேண்டும். நான் போவதற்குள் ஒருவரையாவது நியமித்தால், இரண்டு ஆண்டில் என்னிடம் இருப்பதை எல்லாம் கொடுத்துவிட்டுப் போவேன்.

அடுத்த முறை, தர மதிப்பீடு செய்யும் நாக் குழுவின் வருகைக்காகக் கூடத்துக்கு வெள்ளை அடிக்கும்போது வராமல், ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை முன்னறிவிப்பில்லாமல் உங்கள் பல்கலைக்கழகக் கருவிக் கூடத்துக்குள் போங்கள். உறை போட்டிருக்கும் கருவிகளின் உறையை எடுக்கச் சொல்லுங்கள். கடைசியாக அது என்று ஓடியது, எந்தப் பொருள் இல்லாமல் நின்றது, அதன் விலை எவ்வளவு என்று லாக் புத்தகத்தைப் பார்த்துக் கேளுங்கள். பொறுப்பாளரிடம் பதில் தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
கருவிக் கூடப் பொறுப்பாளர் ஒருவர்