தோள்வலிக்கு இழப்பீடு: முதலில் டாக்டரின் குறிப்பு

அன்பு மகளுக்கு,

ஃப்ளூ ஊசி போட்ட கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை என்றாயே, பல்லைக் கடித்துக்கொண்டு நாளைக் கடத்தாதே. இந்த வாரமே டாக்டரைப் பார். தசைக்குள் இறங்க வேண்டிய மருந்து, ஊசியை அதிக உயரத்தில் குத்திவிட்டால் மூட்டை ஒட்டிய திரவப்பைக்கும் தசைநாருக்கும் போய் அங்கே அழற்சியை உண்டாக்கும். ஓரிரு நாளில் மறையும் வலி அல்ல இது.

அமெரிக்காவில் இதற்கு இழப்பீடு தர 1986-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மருந்துக்கடை மீது வழக்குப் போட வேண்டாம். சுகாதாரத் துறைச் செயலரை எதிர்த்தரப்பாக வைத்து, வாஷிங்டனில் உள்ள ஃபெடரல் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். எந்தத் தடுப்பூசிக்கு எந்தப் பாதிப்பு என்று அந்தச் சட்டத்துக்கென ஓர் அட்டவணை உண்டு. 2017-இல் தோள் காயமும் அதில் சேர்ந்தது. நிபந்தனைகள் பொருந்தினால் ஊசிதான் காரணம் என்று நீ தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. வலி ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். அந்தத் தோளோடு நிற்க வேண்டும். அதற்கு முன் அங்கே கோளாறு இருந்திருக்கக் கூடாது. கழுத்து நரம்பு போன்ற வேறு காரணமும் கூடாது.

பலருடைய மனு தடுமாறுவது அந்த 48 மணி நேரத்தில்தான். டாக்டரிடம் "கொஞ்ச நாளா வலி" என்றால் அவரும் அப்படியே எழுதிவிடுவார். எந்தத் தேதி ஊசி, எப்போது வலி தொடங்கியது என்பதை உள்ளது உள்ளபடி சொல். அவர் எழுதிய குறிப்பை அன்றே படித்துப் பார், தவறு இருந்தால் திருத்தக் கேள். ஊசிப் பதிவின் நகலையும் வாங்கு. வலது கையில் போட்டுவிட்டு இடது என்று பதிவதெல்லாம் நடக்கிறது. அன்றே கோவிட் ஊசியும் போட்டிருந்தால் எது எந்தக் கை என்பது மிக முக்கியம். கோவிட் ஊசிக்கு வேறு திட்டம். அதில் ஊசி போட்ட நாளிலிருந்து ஓராண்டுதான் கெடு, வலிக்கென்று பணமும் கிடையாது.

பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்ததாகச் சிகிச்சைப் பதிவுகள் காட்ட வேண்டும். பிசியோதெரபியை நடுவில் விட்டால் குணமாகிவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதிடும், உன் தோளுக்கும் நல்லதில்லை. ஃப்ளூ ஊசி மனுவுக்குக் கெடு, முதல் அறிகுறியிலிருந்து மூன்று ஆண்டு. வலி, வேதனைக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். மருத்துவச் செலவும் இழந்த சம்பளமும் தனி.

வக்கீல் கட்டணத்துக்கு அஞ்சாதே. நியாயமான அடிப்படையோடு நல்லெண்ணத்தில் போட்ட மனு என்றால், தோற்றாலும் அந்தக் கட்டணத்தை இந்த இழப்பீட்டுத் திட்டமே கொடுக்கும். இழப்பீட்டில் பங்கு கேட்கும் வக்கீலிடம் கையெழுத்துப் போடாதே. சட்டம் அதை அனுமதிப்பதில்லை.

டாக்டரைப் பார்த்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா