பச்சைத் தேயிலைச் சாக்லேட்டை வீட்டிலேயே செய்யலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேயிலையை நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த எங்கள் மூணாற்றில், ‘கிரீன் டீ சாக்லேட்’ என்று சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கப்படும் துண்டுகள் சிலவற்றில் பச்சை நிறம் இருக்கிறதே தவிர, தேயிலையின் துவர்ப்பு நாக்கில் படுவதே இல்லை. ஆகவே, தங்கள் தீபாவளிச் சிறப்புப் பக்கங்களில் இதன் வீட்டுச் செய்முறையை வெளியிட வேண்டுகிறேன்.

வடிகட்டிக் குடிக்கும் பச்சைத் தேயிலையை மிக்ஸியில் அரைத்துச் சேர்த்தால் நறநறப்புதான் மிஞ்சும் என்பதை அதில் தெளிவாகச் சொல்ல வேண்டும். பறிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே செடிக்கு நிழற்பந்தலிட்டு, கொழுந்தை ஆவியில் வாட்டி உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கி மாவாக அரைக்கும் ஜப்பானிய மட்சாவே இதற்குப் பொருத்தமானது.

பொடியாக நறுக்கிய 200 கிராம் வெள்ளைச் சாக்லேட்டின் மீது, கொதி வருமுன் இறக்கிய 60 மில்லி கிரீமை ஊற்றி, உருகியதும் சலித்த மட்சா 2 தேக்கரண்டி கலந்து, குளிர்பதனப் பெட்டியில் இறுக விட்டுத் துண்டு போடலாம். சாக்லேட்டைத் தனியாக உருக்குவோர் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் அது திரண்டு கெட்டிப்படும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் துடைத்து வைத்த கரண்டியிலும் ஈரம் படியும் எங்கள் மலையில் இந்த எச்சரிக்கை மிகவும் அவசியம். வெளிச்சம் பட்டால் பச்சை நிறம் மங்கிவிடுமாதலால், மூடிய டப்பாவில் வைப்பது நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மூணாறு, இடுக்கி மாவட்டம்.