ஊசி போடும் அந்தப் பத்து நாள்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குழந்தைப்பேற்றுச் சிகிச்சை என்றால் செலவையும் பலனையும் விசாரிக்கும் நாம், கருமுட்டைகளை எடுப்பதற்கு முன் ஒரு பெண் போட்டுக்கொள்ளும் ஹார்மோன் ஊசிகளைப் பற்றிக் கேட்பதே இல்லை. சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில், தோசை மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த ஊசி மருந்தைப் பார்க்கும் வரை எனக்கும் ஒன்றும் தெரியாது.

பிறகுதான் மருமகள் சொன்னாள். மாதவிடாயின் இரண்டாம், மூன்றாம் நாளில் தொடங்கி ஏறத்தாழப் பத்து நாள், தினமும் ஒரே நேரத்தில் தொப்புளுக்குக் கீழே தோலைக் கிள்ளிப் பிடித்து ஊசி போட வேண்டும். முட்டைகள் முந்தி வெளியாகிவிடாமல் தடுக்க இடையில் இன்னோர் ஊசி. சில நாள் காலையில் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் முடித்துக்கொண்டு நேராக வேலைக்கு. கடைசி ஊசியைக் குறித்த மணிக்குப் போட்டாக வேண்டும், ஏனெனில் அதிலிருந்து சுமார் 36 மணி நேரத்தில் முட்டைகளை எடுப்பார்கள்.

அவள் இதையெல்லாம் சொல்வதற்கு நான்கு நாள் முன்புதான் உறவினர் வீட்டுத் திருமண வரவேற்பில் இரவு ஒன்பது மணிக்கு அவள் எழுந்து போனாள். மண்டபக் கழிவறையில் நின்றபடி ஊசி போட்டுக்கொண்டு திரும்பியவளிடம், "இன்னும் விசேஷம் இல்லையாம்மா?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். பக்கத்திலிருந்த நான் அவரைத் தடுக்கவில்லை. வயிறு உப்புகிறது என்று அவள் சொன்னதை உடல்சூடு என்று எண்ணி ஊறவைத்த வெந்தயமும் கொடுத்திருக்கிறேன். கருமுட்டைப் பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டாலும் வயிறு வீங்கும். கடும் வலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை மூத்தவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

தகுதியுள்ள தம்பதியருக்குச் சிங்கப்பூரின் பொது மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சைக்கு 75 விழுக்காடு வரை அரசாங்க இணைநிதி கிடைக்கிறது. ஆசியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தைகளில் ஒன்று 1983ல் இங்குதான், யாழ்ப்பாணத் தமிழரான பேராசிரியர் எஸ். எஸ். ரத்னம் குழுவினரின் உழைப்பால் பிறந்தது. அப்படியிருக்க, நம் பெண்கள் இந்த ஊசிகளை மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒளிக்க வேண்டியிருப்பது எனக்கு ஆறவில்லை. சொல்ல விரும்பாதவரைத் துருவிக் கேட்கச் சொல்லவில்லை. விசேஷம் கேட்பதை நிறுத்தினாலே அவர்கள் தாமாகச் சொல்ல வழி பிறக்கும்.

தங்கள் நாளிதழின் உடல்நலப் பகுதியில் மகப்பேறு மருத்துவர் ஒருவரைக் கொண்டு, இந்த ஊசிகளைப் பற்றியும் அந்நாள்களில் வீட்டார் செய்ய வேண்டியதைப் பற்றியும் தமிழில் விரிவாக எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாமியார், செங்காங்