அறுந்ததல்ல, கழற்றிவிட்டது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில், நடுவானில் பாராசூட் அறுந்தும் ஒருவர் அதிர்ஷ்டவசமாக உயிர் தப்பினார் என்று நாலு வரிச் செய்தி ஒன்று வந்திருந்தது. அங்கே காலை ஏழு மணி, எனக்கு இங்கே இரவு எட்டரை. பாளையங்கோட்டையிலிருந்து அப்பா போன் செய்துவிட்டார். "ஏட்டி, பேப்பர்ல போட்டிருக்கான் பாத்தியா? பாராசூட் அறுந்து போச்சாம். நீ லீவு நாள்ல இதைத்தான செய்யுத?" என்றார். அவருக்கு அரை மணி நேரம் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி உங்களுக்கு எழுதுகிறேன்.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் பதினொரு வருடமாக இருக்கிறேன். இதுவரை 412 முறை விமானத்திலிருந்து குதித்திருக்கிறேன். அதில் ஒரே ஒரு முறை மெயின் பாராசூட்டைக் கழற்றிவிட்டிருக்கிறேன். ஆமாம், கழற்றித்தான் விட்டேன், அது அறுந்து போகவில்லை. கிணற்றுக் கயிறு அறுந்தால் அதில் நம் கையில் ஒன்றும் கிடையாது. கழற்றுவது நாமே யோசித்து, நம் கையால் செய்கிற வேலை. ஆங்கிலத்தில் 'கட்அவே' என்று பெயர் வைத்திருப்பதால் கத்தி வைத்து அறுப்பதாக நினைத்துவிடுகிறார்கள் போலிருக்கிறது.

முதுகுப் பையில் இரண்டு பாராசூட் இருக்கும். ஒன்று மெயின், அதற்கு மேலே அவசரத்துக்கான ரிசர்வ். தோளிலிருந்து மெயினுக்குப் போகிற இரண்டு பட்டைகளும் மூன்று மூன்று உலோக வளையங்களில் மாட்டியிருக்கும். பெரிய வளையத்தை நடு வளையம் பிடித்திருக்கும், நடு வளையத்தைச் சின்ன வளையம், சின்னதை ஒரு நூல் சுருக்கு, அந்தச் சுருக்கை ஒரு மஞ்சள் கேபிள். வலது மார்பில் உள்ள சிவப்புப் பிடியை இழுத்தால் கேபிள் உருவிக்கொண்டு வரும். வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புரண்டு பட்டை கழன்றுவிடும். 1970களில் பில் பூத் என்ற அமெரிக்கர் உருவாக்கிய ஏற்பாடு இது. ஒவ்வொரு வளையமும் பாரத்தைக் குறைத்துக் குறைத்து அடுத்ததிடம் கொடுப்பதால், ஆள் முழு எடையோடு தொங்கும்போதுகூட ஒரு கை பலத்தில் கேபிளை உருவிவிடலாம். அப்புறம் இடது பிடியை இழுத்தால் ரிசர்வ் வரும். பெரும்பாலான பைகளில், கழன்று போகிற மெயினே ஒரு நாடா வழியாக, ரிசர்வை மூடி வைத்திருக்கிற ஊசியையும் பிடுங்கிவிடும். ஆனாலும் இடது கையை நம்பித்தான் பழகுகிறோம்.

எனக்கு நடந்தது ஓர் ஆகஸ்ட் மாத சனிக்கிழமை. 13,500 அடியில் குதித்து, 4,500 அடியில் மெயினைத் திறந்தேன். விரிந்தது, ஆனால் கயிறுகள் முறுக்கிக்கொண்டு வந்தன. பிள்ளைகள் ஊஞ்சல் சங்கிலியை முறுக்கிவிட்டு உட்காருவார்களே, அந்த மாதிரி. பாராசூட் ஒரு பக்கமாகச் சாய்ந்து வேகமாகச் சுற்ற ஆரம்பித்தது. காலை உதறினேன், பட்டைகளைப் பிரித்துப் பிடித்தேன். இரண்டு முறுக்கு அவிழ்ந்தது, அதற்குள் மூன்று ஏறிவிட்டது. மணிக்கட்டில் உயரமானி 2,900 காட்டியது.

அந்த நொடியில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சாவு பயம் இல்லை. "கீழே முழுக்கச் சோளம், இதை எங்கே போய்த் தேடுவது?" என்பதுதான். இரண்டு மாதம் முன்புதான் 1,800 டாலர் கொடுத்து, ஒருவர் பயன்படுத்தியதை வாங்கியிருந்தேன். உங்கள் செய்தியில் இல்லாமல் போனது இந்த இடம்தான். பாராசூட் சரியாக விரியாதது பாதி ஆபத்து என்றால், அதை விட மனசு வராமல் இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று மல்லுக்கட்டுவது மீதிப் பாதி. அமெரிக்கப் பாராசூட் சங்கம் இதற்கென்றே உயரம் குறித்திருக்கிறது. புதியவர்கள் 2,500 அடிக்குக் கீழே இறங்கும் முன்பும், அனுபவம் உள்ளவர்கள் 1,800 அடிக்குக் கீழே இறங்கும் முன்பும் முடிவெடுத்துச் செய்து முடித்துவிட வேண்டும். தானாக ரிசர்வைத் திறக்கிற கருவி ஒன்று பையில் இருக்கிறதே என்பார்கள். அது சுமார் 750 அடியில், மணிக்கு 125 கிலோமீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால்தான் வேலை செய்யும். பாதி விரிந்து சுழல்கிற பாராசூட்டில் அந்த வேகம் வராமலும் போகலாம்.

சரி, பார்த்தேன், பிடித்தேன், இழுத்தேன். முதுகில் இருந்த சுமை சட்டென்று போய், வயிறு மேலே வந்தது. இடது பிடியை இழுத்து முடிப்பதற்குள் ரிசர்வ் தலைக்கு மேலே வெள்ளையாக, நேராக நின்றது. என் மெயின், கொடியிலிருந்து காற்று பிடுங்கிய புடவை மாதிரி சுருண்டும் விரிந்தும் வடகிழக்காகப் போய்க்கொண்டிருந்தது. ரிசர்வை மடித்து வைத்திருந்த சின்னப் பையும் அதன் குட்டிப் பாராசூட்டும் வேறு பக்கம் போயின. அது மெயினைவிடச் சின்னது, தேடுவதும் கடினம். அது இல்லாமல் ரிசர்வைத் திரும்ப மடிக்க முடியாது.

பின்னாலேயே போகலாமா என்று கை துடித்தது. போகவில்லை. வெள்ளித் தகரத் தானியக் குதிர் ஒன்று, அதற்குப் பின்னால் ஒற்றை மரம். இரண்டையும் சேர்க்கிற கோட்டில், மரத்துக்குக் கொஞ்சம் முன்னால் மெயின் விழுந்ததை மனதில் குறித்துக்கொண்டு மைதானத்திலேயே இறங்கினேன். அதே விமானத்தில் வந்த ஒரு நண்பர் எனக்காக அதைச் சுற்றிச் சுற்றித் துரத்திப் போய்ச் சோளத்துக்குள் இறங்கினார். இறங்கும் முன்பு தாழ்வாக ஒரு திருப்பம் திருப்பி, கணுக்காலைப் பிசகிக்கொண்டார். ஆறு வாரம் கட்டு. நல்ல மனுஷர்தான். ஆனால் துணிக்காக இதைச் செய்திருக்கக் கூடாது என்று அவரிடமே சொன்னேன்.

ஆகஸ்ட் மாதத்துச் சோளம் என் தலைக்கு மேலே ஒன்றரை முழம் நின்றது. வயல்காரர் வீட்டுக் கதவைத் தட்டி அனுமதி கேட்ட பிறகுதான் உள்ளே போனோம். அதுதான் இங்கே முறை. வரிசையை மிதிக்காமல் பாத்தியோடு நடக்க வேண்டும். இலை விளிம்பு முன்கையைக் கீறிக் கீறிச் சிவக்க வைத்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் கழித்து ஆரஞ்சு நிறம் தெரிந்தது. பிடித்து இழுக்கவில்லை. ஒவ்வொரு கதிராக விலக்கி, கயிறுகளை ஒன்றாகத் திரட்டிக் கட்டி, துணியைச் சாக்குப்பையில் திணித்துக் கொண்டுவந்தோம். நம்மூர்ப் பக்கம் விழுந்திருந்தால் அன்று சாயங்காலமே கயிறெல்லாம் துணி காயப்போட ஆகியிருக்கும் என்றார் அப்பா. இருக்கலாம். மின்கம்பியில் தொங்கியிருந்தால் மட்டும் நான் கிட்டேயே போயிருக்க மாட்டேன். மின்வாரியத்துக்குப் போன் செய்துவிட்டு நின்றிருப்பேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ரிசர்வை மடித்துக் கொடுத்தவருக்கு, அது காப்பாற்றிய பிறகு ஒரு பாட்டில் வாங்கித் தர வேண்டும். உரிமம் பெற்றவர்தான் ரிசர்வை மடிக்கலாம், 180 நாளுக்கு ஒரு முறை பிரித்துப் பார்த்துத் திரும்ப மடிக்க வேண்டும். நான் வாங்கித் தந்தேன். இது அப்பாவுக்குத் தெரியாது, இனிப் படித்துக்கொள்வார்.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் 'கழற்றிவிட்டு ரிசர்வில் இறங்கினார்' என்று போடுங்கள். அதிர்ஷ்டத்தையும் விட்டுவிடுங்கள்.

ரிசர்வின் பை அன்று கிடைக்கவில்லை. புதிது வாங்க வேண்டியதாயிற்று. அக்டோபரில் அறுவடை நடந்தபோது வயல்காரர் அதைக் கண்டெடுத்து, விதைச் சாக்கில் போட்டு மைதானத்து அலுவலகத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே காய்ந்த கதிர் ஒன்றும் இருந்தது. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு அப்பா கேட்ட ஒரே கேள்வி: "அந்தச் செவப்புப் பிடி என்னாச்சு?" கையிலிருந்து நழுவிவிட்டது. இன்னும் அந்தச் சோளக்காட்டில்தான் கிடக்கிறது.

தங்கள் வாசகி,
பாளையங்கோட்டைக்காரி,
இல்லினாய்