ஞாயிறு வாசிப்பு: எட்மண்ட் பர்க்

நண்பர்களே, வணக்கம். இந்த ஞாயிறு மாலை 6 மணிக்கு, 18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினரும் சிந்தனையாளருமான பர்க் பற்றிப் பேசுகிறோம்.

பழமைவாதச் சிந்தனையாளர் என்றதும், பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து 1790இல் அவர் எழுதிய நூல்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதையும் புரட்டிப் பாருங்கள். ஆனால் முதலில், ஆற்காடு நவாபின் கடன்கள் குறித்து 1785 பிப்ரவரியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அவர் ஆற்றிய உரையைப் படித்துவிடுங்கள். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராத மனிதர். ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு, அதிலுள்ள ஏரி குளங்களை உட்கார்ந்து எண்ணியிருக்கிறார், 1,100க்கும் மேல்! அவற்றை வெட்டியவர்களை மக்களின் தந்தையரான உண்மையான அரசர்கள் என்கிறார். முன்னோர் விட்டுச்சென்றதைப் பின்வருவோருக்குக் காத்துக் கொடுப்பது என்ற அவருடைய கொள்கையின் வேரே அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

வங்காளத்தின் முன்னாள் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது பர்க் முன்னின்று நடத்திய முறைகேட்டு விசாரணை 1788இல் தொடங்கி 1795இல் விடுதலையில் முடிந்தது. தோற்றாலும் பர்க் தன் நிலையிலிருந்து இறங்கவில்லை.

ஓக்‌ஷாட், ரோஜர் ஸ்க்ரூட்டன் என்ற பிற்காலப் பழமைவாதச் சிந்தனையாளர்கள் இருவரையும் பற்றி அடுத்த மாதம் பேசுவோம்.

மாற்றுக் கருத்துள்ளவர்கள் அவசியம் வாங்க. உரையைப் படித்தவர்கள் பிடித்த பத்தியைச் சனிக்கிழமைக்குள் குழுவில் போடுங்கள்.